கரையும் கலங்கலும்: நியூ ஆர்லியன்ஸைக் காக்க வந்த ராணுவப் பொறியாளர்கள்

மலர்க் குழுவினர் "உங்க பேட்ச் சார்பா ஒரு கட்டுரை வேணும்" என்று கேட்டார்கள். ஹாஸ்டல் மெஸ் சாம்பார் பற்றியும், சர்வே கேம்ப் கலாட்டாக்கள் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடிய நண்பர்கள் இந்த மலரிலேயே இருக்கிறார்கள். கவிதை எனக்கு வராது. ஆகவே எனக்குத் தெரிந்த தண்ணீர் சமாசாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். சீனியர்கள் பொறுத்தருள வேண்டும். ஜூனியர் தம்பி தங்கைகள் மட்டும் கொஞ்சம் கூர்ந்து படிக்க வேண்டும். ஏனென்றால் நாளைக்கு டிராயிங்கில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நீங்கள்தான்.

தண்ணீரையும் ராணுவத்தையும் சேர்த்துச் சொன்னால் நமக்கு இரண்டு பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். ஒருவர் ஆர்தர் காட்டன், மற்றவர் பென்னிகுயிக். இருவருமே ராணுவப் பொறியாளர்கள். முக்கொம்பில் 1836-ல் முடிந்த மேலணை காட்டனின் வேலை. 1895-ல் முடிந்த பெரியாறு அணை பென்னிகுயிக்கின் வேலை. தேனிப் பக்கம் இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் பெயரை வைக்கிறார்கள். ராணுவக்காரர் கட்டியது அசையாது என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

அமெரிக்காவிலும் அதே நம்பிக்கை இருந்தது. அங்கே அதற்கு ஒரு படையே உண்டு. ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் என்று பெயர். நான் சுருக்கமாகப் 'பொறியாளர் படை' என்கிறேன். 1802-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியோடு சேர்ந்தே பிறந்தது. அந்தக் கல்லூரியை 1866 வரை நடத்தியதும் இந்தப் படைதான். 1824-ல் மிசிசிப்பி, ஒஹாயோ ஆறுகளில் படகுகளைக் குத்திக் கிழிக்கும் மரக்கட்டைகளை அப்புறப்படுத்தும் வேலையைக் காங்கிரஸ் சபை இவர்களிடம் கொடுத்தது. அன்று ஆற்றில் இறங்கியவர்கள் இன்றுவரை கரையேறவில்லை. ஒரு நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற இந்தப் படை 150 வருஷத்துக்கு மேல் எடுத்த முயற்சியைத்தான் சொல்லப்போகிறேன்.

ஊர் உட்கார்ந்திருக்கும் இடம்

நியூ ஆர்லியன்ஸ் 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்படுத்திய ஊர். தெற்கே மிசிசிப்பி ஆறு, வடக்கே பாண்ட்சர்ட்ரெய்ன் என்ற பெரிய ஏரி. பெயர்தான் ஏரி; உண்மையில் கடலோடு வாய் வைத்திருக்கும் காயல். கடல் பொங்கினால் ஏரியும் பொங்கும். அமெரிக்காவில் 31 மாநிலங்களில் பெய்யும் மழை இந்த ஒரு ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

முதலில் வந்தவர்கள் புத்திசாலிகள். ஆறு தானாகவே வண்டல் போட்டு உயர்த்திய மேட்டில் வீடு கட்டினார்கள். பின்னால் கிடந்த சதுப்பைத் தொடவில்லை. பிறகு ஜனத்தொகை பெருகியது. 1913-ல் பால்ட்வின் வுட் என்ற இன்ஜினியர் ராட்சத ஸ்க்ரூ பம்புகளை வடிவமைத்தார். மழைத் தண்ணீரைக் கால்வாயில் ஏற்றி ஏரிக்குத் தள்ளிவிடலாம் என்று ஆனதும் சதுப்பு மனையாகிவிட்டது. நம்ம ஊரில் நடப்பதுதானே!

ஆனால் சதுப்பு மண் ஈரம் இருக்கும்வரைதான் உப்பலாக இருக்கும். தண்ணீரை உறிஞ்சினால் சுருங்கி இறங்கும். ஊர் இறங்க இறங்க பம்பு அதிகமாக ஓட வேண்டும். பம்பு ஓட ஓட ஊர் இன்னும் இறங்கும். இன்று நகரின் ஏறத்தாழ பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கிண்ணம் மாதிரி ஒரு ஊர், சுற்றிலும் கரை. உள்ளே விழும் மழையையும் பம்பு வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

"கரை மட்டும் போதும்"

ஆற்றை எப்படி அடக்குவது என்று 1850-ல் அமெரிக்க அரசு ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. இரண்டு பேர் ஆய்வு செய்தார்கள். ஒருவர் சிவிலியன் இன்ஜினியர் சார்லஸ் எல்லெட். மற்றவர் ராணுவப் பொறியாளர் ஆண்ட்ரூ ஹம்ஃப்ரீஸ்.

எல்லெட் சொன்னது எளிமையானது. மேலே கரையைக் கட்டிக்கொண்டே வந்தால் பரந்து தங்க வேண்டிய தண்ணீர் முழுவதும் கீழே இறங்கும். கீழே வெள்ள மட்டம் உயரும். ஆகவே கரை மட்டும் போதாது, நீரைத் தேக்கும் இடமும் பிரித்துவிடும் வழியும் வேண்டும் என்றார். ஹம்ஃப்ரீஸ் தன் உதவியாளர் அபட்டுடன் சேர்ந்து 1861-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். ஆற்றை அளந்த விதத்தில் அது அந்தக் காலத்துக்கு அபாரமான வேலை. ஆனால் முடிவில் தேக்கமும் பிரிவும் வேண்டாம், கரையே சரி என்று எழுதினார். 1866-ல் அவரே படையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

பிறகு ஜேம்ஸ் ஈட்ஸ் வந்தார். இவர் ராணுவம் இல்லை. கழிமுகத்தில் இருபக்கமும் சுவர் போல ஜெட்டி கட்டி ஆற்றை ஒடுக்கினார். வேகம் கூடி ஆறு தன் மணல்மேட்டைத் தானே அரித்துக்கொண்டது. 1879-ல் பெரிய கப்பல்கள் தாராளமாக வந்து போயின. இதைப் பார்த்தவர்களுக்கு ஒரு ஆசை வந்தது. ஆறு முழுவதையும் கரையால் ஒடுக்கினால் ஆறு தன் அடியைத் தானே தோண்டிக்கொள்ளாதா? ஹம்ஃப்ரீஸ் இந்த அரிப்புக் கொள்கையை ஏற்கவில்லை. ஈட்ஸ் கரைகளை மட்டும் நம்பியவர் இல்லை. ஆனால் 1879-ல் அமைந்த மிசிசிப்பி ஆற்று ஆணையம் ஒருவரிடமிருந்து கரையையும் மற்றவரிடமிருந்து அரிப்பையும் எடுத்துக்கொண்டு, காலப்போக்கில் "கரை மட்டும்" என்ற கொள்கைக்கு வந்து சேர்ந்தது. இயற்கையாக இருந்த பிரிவு வாய்களும் அடைபட்டன.

ஏரிப் பாசனம் பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். கலங்கல் இல்லாத ஏரி உண்டா? சில ஊர்களில் கலிங்கு என்பார்கள். கரை எவ்வளவு பலமாக இருந்தாலும், உபரி நீர் எங்கே வழிய வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானித்துக் கல் பரப்பி வைப்பார்கள். அதை நாம் தீர்மானிக்காவிட்டால் தண்ணீர் தீர்மானிக்கும். காவிரிக்குக் கொள்ளிடம் இருப்பதும் அதற்குத்தான்.

1927

1926-ம் வருஷ அறிக்கையில், கரைகள் இப்போது வெள்ளச் சேதத்தைத் தடுக்கும் நிலையில் இருக்கின்றன என்ற பொருள்பட பொறியாளர் படை எழுதியது. அடுத்த வருஷம் ஏப்ரல் 21-ம் தேதி, மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரை உடைந்தது. பிறகு வரிசையாகப் பல இடங்கள். சுமார் 27,000 சதுர மைல் நிலம் நீருக்குள் போனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள்.

நியூ ஆர்லியன்ஸ் தப்பித்தது. எப்படி என்பதுதான் விஷயம். நகரத்துப் பெரிய மனிதர்களும் வங்கிக்காரர்களும் அரசைச் சம்மதிக்க வைத்து, ஏப்ரல் 29-ம் தேதி நகருக்குக் கீழே கேர்னார்வன் என்ற இடத்தில் கரையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். ஆறு அங்கே பாய்ந்தது. நகரத்து மட்டம் இறங்கியது. செயின்ட் பெர்னார்ட், ப்ளாக்மின்ஸ் என்ற இரண்டு மாவட்டங்கள் மூழ்கின. அங்கிருந்த மீனவர்கள், பொறி வைத்துப் பிழைத்தவர்கள் என்று சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியிருந்தார்கள். நஷ்ட ஈடு முழுவதும் தருவோம் என்று சத்தியம் செய்தார்கள். கொடுத்தது கொஞ்சம், பலருக்கு ஒன்றுமே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அதற்குள் மேலே வேறு இடங்களில் கரைகள் உடைந்து தண்ணீர் பிரிந்துகொண்டிருந்தது. வெடி வைக்காமலே நகரம் தப்பித்திருக்கும் என்பதுதான் பிற்பாடு வந்த கணிப்பு.

கலங்கலை முன்கூட்டிக் கட்டாத ஊர், அவசரத்தில் அடுத்தவன் வீட்டைக் கலங்கலாக்கிவிட்டது. இதுதான் எனக்கு 1927-ன் பாடம்.

கலங்கல் வைத்தார்கள்

ஒன்று சொல்ல வேண்டும். படை பாடம் படித்தது. தலைமைப் பொறியாளர் எட்கர் ஜாட்வின் திட்டத்தின்படி 1928-ல் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. "கரை மட்டும்" கொள்கையைக் கைவிட்டார்கள். ஆற்றைப் பிரித்துவிடும் வழிகள் திட்டத்தில் சேர்ந்தன.

அவற்றில் நகருக்கு நேரடியாக உதவுவது பொனே காரே ஸ்பில்வே. நகருக்கு மேலே சுமார் 30 மைல் தூரத்தில், 1931-ல் கட்டி முடித்தார்கள். 350 கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் நிறுத்தி வைத்த 20 மரக் கட்டைகள், மொத்தம் 7,000. வெள்ளம் வந்தால் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் ஒவ்வொரு கட்டையாகத் தூக்கும். ஆற்றின் உபரி, ஏரி வழியாகக் கடலுக்குப் போய்விடும். கொள்ளளவு வினாடிக்கு 2,50,000 கன அடி. நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்ததாக அரசு சொன்ன அதிகபட்ச அளவு 29,000 கன அடி. அதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல்!

எந்த கம்ப்யூட்டரும் இல்லாத இந்த மரக்கட்டைக் கலங்கல் 1937-ல் முதலில் திறக்கப்பட்டது. இன்றுவரை வேலை செய்கிறது. 2019-ல் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை திறந்தார்கள். 1927-க்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரில் மிசிசிப்பியின் கரை உடையவில்லை. 2005-ல் கூட உடையவில்லை! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 1928 சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. வெள்ளத்தால் வரும் எந்தச் சேதத்துக்கும் அமெரிக்க அரசு பொறுப்பாகாது என்ற வரி. அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏரிப் பக்கம்

ஆற்றுப் பக்கம் கதவை அடைத்தாயிற்று. அடுத்த எதிரி பின்பக்கம், ஏரி வழியாகவும் கடல் கால்வாய்கள் வழியாகவும் வந்தான். 1965 செப்டம்பரில் பெட்ஸி என்ற புயல் நகரின் கிழக்குப் பகுதியை, குறிப்பாக லோயர் நைன்த் வார்டு என்ற ஏழை கறுப்பின மக்களின் குடியிருப்பை மூழ்கடித்தது. அடுத்த மாதமே காங்கிரஸ் புயல் பாதுகாப்புத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. மதிப்பீடு சுமார் 85 மில்லியன் டாலர். 1978-க்குள் முடியும் என்றார்கள். 2005-ல் மதிப்பீடு 738 மில்லியன் ஆகியிருந்தது; முடியும் வருஷம் 2015 என்று தள்ளிப் போயிருந்தது. நம்ம ஊர் பாலம் மட்டும்தான் இழுக்கிறது என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

ஏன் இழுத்தது? படையின் முதல் யோசனை, ஏரியின் கடல்வாய்களில் பெரிய கதவுகள் வைப்பது. சுற்றுச்சூழல் ஆய்வு போதாது என்று 1977-ல் நீதிமன்றம் நிறுத்தியது. பிறகு ஏரியைச் சுற்றிக் கரையை உயர்த்தும் திட்டத்துக்கு மாறினார்கள்.

இங்கே ஒரு சிக்கல். நகரத்து மழைநீரை ஏரிக்குக் கொண்டுபோகும் மூன்று கால்வாய்கள், வீடுகளுக்கு நடுவே நகரின் வயிற்றுக்குள் வருகின்றன. ஏரி பொங்கினால் தண்ணீர் இந்த வழியாக உள்ளே வரும். கால்வாய் வாயில் கதவு வைக்கலாம் என்று படை சொன்னது. கதவை மூடினால் எங்கள் பம்புத் தண்ணீர் எங்கே போகும் என்று உள்ளூர் வடிகால் வாரியமும் கரை வாரியமும் எதிர்த்தன. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கடைசியில் 1990-களின் தொடக்கத்தில் காங்கிரஸ் சொன்னபடி கால்வாயின் இரு கரையிலும் சுவர் எழுப்புவது என்று முடிவானது. கதவுக்குப் பதில், மைல் கணக்கில் சுவர்.

அந்தச் சுவருக்கு ஐ-வால் என்று பெயர். மண் கரையின் நடுவே ஷீட் பைல் அடித்து, அதன் தலையில் கான்கிரீட் சுவர். பைல் எவ்வளவு ஆழம் போக வேண்டும்? 1985-ல் படை ஒரு சோதனைச் சுவர் கட்டித் தண்ணீர் நிரப்பிப் பார்த்தது. அதன் முடிவைத் தவறாகப் புரிந்துகொண்டு 17 அடி போதும் என்று தீர்மானித்தார்கள். 31 முதல் 46 அடி வரை தேவைப்பட்டது என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது. அதனால் மிச்சமான பணம் சுமார் 100 மில்லியன் டாலர்.

2005 ஆகஸ்ட் 29

கத்ரீனா அன்று காலை கரை கடந்தது. மாலைக்குள் நகரைச் சுற்றிய பாதுகாப்பில் சுமார் 50 இடங்களில் உடைப்பு. நகரின் 80 சதவீதம் நீருக்குள். இறந்தவர்கள் 1,833 என்று நெடுநாள் சொல்லப்பட்டது. அமெரிக்க தேசிய புயல் மையம் 2023-ல் அதை 1,392 என்று திருத்தியது. லூசியானா மாநிலத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். ஏணி ஏறிக் கூரைக்குப் போக முடியாதவர்கள்.

50 இடங்களில் பெரும்பாலானவை தண்ணீர் மேலே வழிந்து, பின்பக்க மண்ணை அரித்ததால் போனவை. ஆனால் நான்கு இடங்களில், அதில் 17-வது தெருக் கால்வாயும் லண்டன் அவென்யூ கால்வாயும் சேர்த்தி, தண்ணீர் சுவரின் தலையைத் தொடுவதற்கு முன்னாலேயே சுவர் நகர்ந்துவிட்டது. நகரின் மையப் பகுதியை மூழ்கடித்தவை முக்கியமாக இந்தக் கால்வாய் உடைப்புகள்தான்.

காரணங்களைப் படையே அமைத்த ஆய்வுக் குழுவும், பெர்க்லி பல்கலைக்கழகம் சார்ந்த தனிக் குழுவும் விரிவாக எழுதின. சிவில் மாணவர்கள் இதை மட்டும் இரண்டு தடவை படிக்க வேண்டும்.

ஒன்று: தண்ணீர் அழுத்தத்தில் சுவர் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தது. சுவருக்கும் தண்ணீர்ப் பக்கத்து மண்ணுக்கும் நடுவே பிளவு விழுந்தது. அந்தப் பிளவுக்குள் தண்ணீர் இறங்கியதும், மண் கரையில் பாதி வேலை செய்யவில்லை. டிசைனில் இந்தப் பிளவைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

இரண்டு: கரையின் நடுவில் மேலே இருக்கும் பாரத்தால் களிமண் இறுகியிருக்கும். கரையின் காலடியில் அவ்வளவு பலம் இராது. டிசைனில் அந்த வித்தியாசம் போதிய அளவு வரவில்லை.

மூன்று: எடுத்துக்கொண்ட பாதுகாப்பு எண் 1.3. வயல் காட்டுக் கரைக்கு அது போதும். லட்சக்கணக்கான பேர் தூங்கும் நகரத்துக்கு?

நான்கு: பெஞ்ச் மார்க். சர்வே கேம்ப்பில் "பி.எம். சரியா பாருப்பா" என்று நம் வாத்தியார்கள் தொண்டை கிழியக் கத்துவார்களே, அந்த பி.எம்.தான்! ஊரே இறங்கிக்கொண்டிருக்கும்போது பெஞ்ச் மார்க்கும் சேர்ந்து இறங்கியது. பழைய டேட்டத்தையும் கடல் மட்டத்தையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டார்கள். சில இடங்களில் சுவர் நினைத்ததைவிட ஒன்று முதல் இரண்டு அடி வரை தாழ்வாக நின்றது. டிராயிங்கில் உயரம் சரி. தண்ணீருக்கு முன்னால் உயரம் தவறு.

ஐந்து: பல வருஷங்களில் பல துண்டுகளாகக் கட்டியதால், ஒரு துண்டு உயரமாகவும் பக்கத்துத் துண்டு தாழ்வாகவும் இருந்தது. சங்கிலியில் ஒரு வளையம் போதுமே. அது பெயரளவில்தான் ஒரு சிஸ்டம் என்று படையின் குழுவே ஒப்புக்கொண்டது. 2006 ஜூனில் தலைமைப் பொறியாளர் கார்ல் ஸ்ட்ராக் பொதுமேடையில் படையின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஒரு ராணுவ ஜெனரல் இப்படிச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

ஆனால் சட்டம் வேறு மாதிரிப் பேசியது. வீடிழந்தவர்கள் போட்ட வழக்கில் நீதிபதி ஸ்டான்வுட் டூவால் 2008-ல் படையைக் கடுமையாகச் சாடினார். ஆனாலும் வழக்கைத் தள்ளுபடி செய்தார். காரணம்? 1928 சட்டத்தின் அந்த ஒரு வரி! செயின்ட் பெர்னார்ட் மாவட்டத்தாரும் லோயர் நைன்த் வார்டுக்காரர்களும், படை வெட்டிய ஒரு கப்பல் கால்வாயால்தான் வெள்ளம் கூடியது என்று போட்ட வழக்கு 2009-ல் ஜெயித்தது. 2012-ல் மேல்முறையீட்டில் வேறொரு சட்ட விலக்கின் பெயரில் தோற்றது. அதே செயின்ட் பெர்னார்ட்தான். 1927-ல் வெடி வைத்து மூழ்கடித்த அதே ஊர்.

மாறிப்போன பெயர்

பிறகு சுமார் 14.5 பில்லியன் டாலர் செலவில் புது ஏற்பாடு வந்தது. கிழக்கே 1.8 மைல் நீளம், 26 அடி உயரத்தில் கடலை மறிக்கும் தடுப்புச் சுவர். அந்தக் கப்பல் கால்வாயை 2009-ல் பாறை போட்டு மூடினார்கள். மூன்று கால்வாய்களின் வாயிலும் கதவும், கதவை மூடினாலும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பும் வந்தன. நிரந்தரமானவை 2018-ல் முடிந்தன. அதாவது முன்பு சண்டை போட்டுக் கைவிட்ட அதே கதவு யோசனை, நகரம் மூழ்கிய பிறகு பம்போடு சேர்ந்து திரும்பி வந்தது.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது சுவர் இல்லை, பெயர்ப் பலகை. 1965 திட்டத்தின் பெயரில் 'புயல் பாதுகாப்பு' என்று இருந்தது. புதிய திட்டத்தின் பெயர் 'புயல் சேத அபாயக் குறைப்பு அமைப்பு'. பாதுகாப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்! சொல் விளையாட்டு என்று சிலர் சிரிக்கலாம். பொறுப்பைக் கழற்றிவிடும் தந்திரம் என்றும் சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 1926 அறிக்கையில் எழுதியதைக் காட்டிலும் இது உண்மையான வாக்கியம்.

கணக்குப் பாருங்கள். புதிய சுவர்கள் ஒரு வருஷத்தில் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்துக்காகக் கட்டியவை. 'நூறு வருஷ வெள்ளம்' என்றதும் நூறு வருஷம் நிம்மதி என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் 30 வருஷ ஹவுசிங் லோன் வாங்கி அங்கே வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 வருஷத்தில் ஒரு தடவையாவது அந்த அளவு வெள்ளமோ அதைவிடப் பெரியதோ வரும் வாய்ப்பு 26 சதவீதம். 0.99-ஐ 30 தடவை பெருக்கி 1-லிருந்து கழித்தால் வந்துவிடும். நான்கில் ஒன்றுக்கும் மேல்!

அந்த அளவும் நிற்பதில்லை. மண் இறங்குகிறது, கடல் ஏறுகிறது. அவ்வப்போது உயர்த்தாவிட்டால் 2023-லிருந்தே சில கரைகள் அந்த அளவுக்குக் கீழே போகலாம் என்று 2019-ல் படையே அறிவித்தது. இதற்கிடையில், ஆற்றைக் கரைக்குள் அடைத்ததில் வண்டல் சதுப்புக்குப் போவது நின்றது. எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்களும் சேர்ந்துகொண்டன. 1932-லிருந்து லூசியானா கடற்கரை ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை இழந்திருக்கிறது. கடலுக்குக் கலங்கல் வைக்க முடியாது. கடலின் வேகத்தைக் குறைக்க இருந்த இயற்கைத் தடை அந்தச் சதுப்புதான். ஆற்றிலிருந்து காத்த கரையே கடலுக்கு வழி விட்டது.

2021-ல், அதே ஆகஸ்ட் 29-ம் தேதி, ஐடா புயல் வந்தது. புதிய சுவர்கள் நின்றன. பாராட்ட வேண்டும். ஆனால் சுவருக்கு வெளியே இருந்த லாப்லாஸ் என்ற ஊர் மூழ்கியது. நகரத்துக்குள் வந்த மின்பாதைகள் எட்டும் அற்றுப்போய், ஊரே இருட்டில். நகரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளத்தால் சாகவில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் வெக்கையால் செத்தார்கள். சுவர் தன் வேலையைச் செய்தது. சுவரால் ஆகாத வேலைகள் நிறைய இருந்தன.

நமக்கு என்ன?

படையைத் திட்டி முடிப்பது சுலபம். அது நியாயம் இல்லை. எந்த உயரத்துக்குக் கட்டுவது, எவ்வளவு பணம், கதவா சுவரா என்பதைப் பல நேரம் முடிவு செய்தது அவர்கள் இல்லை. ஆனால் ஒரு வேலை அவர்களுடையதுதான், நம்முடையதும்தான். கட்டிய சுவரின் எண் என்ன, அந்த எண்ணைத் தாண்டினால் தண்ணீர் எங்கே போகும், அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்ற மூன்றையும் உரக்கச் சொல்வது. கில்பர்ட் ஒயிட் என்ற புவியியலாளர் 1940-களிலேயே எச்சரித்தார்: கரை கட்டினால் அதை நம்பி ஜனங்கள் பள்ளத்தில் வந்து குடியேறுவார்கள், சிறு வெள்ளச் சேதம் குறையும், பெருவெள்ளச் சேதம் கூடும். அந்த நம்பிக்கையை உண்டாக்குவது நாம் போடும் சுவர்தான். ஆகவே அதன் எல்லையைச் சொல்லும் கடமையும் நமக்குத்தான்.

நான் மழைநீர் வடிகால் வேலையில் இருக்கிறேன். எந்தத் தெருவில் பள்ளம் தோண்டினாலும் வீட்டு வாசலிலிருந்து ஓர் அம்மா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஸார், இனிமே தண்ணி வராதுல்ல?" "வராதும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் டீ கிடைக்கும். நான் சொல்வது இதுதான்: "இந்த அளவு மழைக்கு வராதும்மா. அதுக்கு மேல பெஞ்சா வரும். அப்ப இந்தத் தெருத் தண்ணி அந்தப் பக்கம் போகும். நீங்க முக்கியமான பேப்பரெல்லாம் மேல் அலமாரியில வெச்சுக்குங்க." முகம் சுருங்கும். சில பேர் கோபப்படுவார்கள். பரவாயில்லை. அந்த அலமாரி ஒரு நாள் உதவும்.

தம்பி தங்கைகளே, கரை கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பி.எம். சரிபாருங்கள். காலடி மண்ணைத் தனியாகச் சோதியுங்கள். எந்தக் கரை டிராயிங்கைப் பார்த்தாலும் முதலில் கலங்கல் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அது யார் வீட்டில் வரும் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

சீனியர்களுக்கு வணக்கம், பேட்ச் நண்பர்களுக்கு அன்பு. மாலை விருந்தில் சந்திப்போம்.

– சிவில் பிரிவு மாணவன், 2010 பேட்ச்